புத்தகத்துல நட்டம் வந்தா யார் தலையில விழும்?

எழுத்தாளருக்கு பதிப்பாளர் ஒழுங்கா காசு குடுக்கிறதில்லன்னு ஒரு பக்கம் பேச்சு, புக்கே விக்கல நாங்க எங்கேருந்து குடுக்கிறதுன்னு பதிப்பாளர் பக்கம் பேச்சு, இந்த ரெண்டு பேருக்கும் படியளக்கிற வாசகருக்கு தான் குடுத்த காசு எங்க போய் சேருதுன்னே தெரியாது. 300 வருஷத்துக்கு மேல இந்த வழக்கு ஓடிட்டிருக்கு. இதுல யார் நல்லவங்க யார் கெட்டவங்கன்னு தேட ஆரம்பிச்சா ஒரு முடிவும் கெடைக்காது, ஏன்னா எல்லா காலத்துலயும் ரெண்டு வகை ஆளுங்களும் இருந்திருக்காங்க. புக்கு விக்காம போனா அந்த நட்டம் யார் தலையில விழும்ங்கிற ஒரே கேள்விய கேட்டுப் பாருங்க, பாதி விஷயம் தானா வெளங்கிடும். நட்டத்த ஏத்துக்க முன்வர்றவங்க கைக்குத்தான் லாபமும் போகுது, அதோட சேர்ந்து புக்கு எத்தன பக்கம் இருக்கணும், எப்ப வரணும், எந்த மாதிரி எழுதணும்ங்கிற முடிவுகளும் மெல்ல அவங்க கைக்குப் போயிடுது.

இங்கிலாந்து நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின எடுத்துக்குவோம், ஏன்னா அவங்களோட வரவு செலவு ஓரளவு தெளிவா நமக்கு கெடச்சிருக்கு. 1811ல அவங்களோட முதல் நாவல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ கமிஷன் முறையில வந்தது, அதாவது பேப்பர், அச்சு, விளம்பரம்னு எல்லா செலவும் எழுதுனவங்க பொறுப்பு, பதிப்பாளர் தன் பேர்ல வெளியிட்டு வித்துக் குடுத்து அதுக்கு ஒரு கமிஷன் எடுத்துக்குவார், விக்கலன்னா கையக் கடிக்கிறது எழுத்தாளருக்கு மட்டும்தான். நட்டம் வரும்னே எதிர்பார்த்து தன்னோட சின்ன வருமானத்துலேருந்து கொஞ்சம் ஒதுக்கி வச்சாங்கன்னு அவங்க அண்ணன் எழுதி வச்சிருக்கார். ஆனா முதல் பதிப்பு முழுசா வித்துப் போய் 140 பவுண்டு லாபம் வந்தது. அந்த விற்பனை முடியறதுக்கு முன்னாடியே, 1812 கடைசியில, அடுத்த நாவலான ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ’ அதே பதிப்பாளருக்கு மொத்த காப்புரிமையோட வித்துட்டாங்க, கேட்டது 150 பவுண்டு, கெடச்சது 110. 1813ல அது வந்து அதே வருஷத்துல ரெண்டாம் பதிப்பு கண்டது, பின்னாடி மூணாவதும் வந்தது, இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க வித்துட்டிருக்கு, ஆனா அவங்களுக்கு அந்த 110க்கு மேல ஒரு பென்னி கூட வரல.

அந்த அனுபவத்துக்கு அப்புறம் அவங்க மொத்தமா விக்கிறதையே விட்டுட்டாங்க. 1815ல ஜான் முர்ரேங்கிற பெரிய பதிப்பாளர் மூணு நாவலோட உரிமைக்கு சேர்த்து 450 பவுண்டு தர்றேன்னாரு, வேண்டாம்னு சொல்லிட்டு ‘எம்மா’வ கமிஷன்லயே போட்டாங்க. அது நல்லாத்தான் வித்தது, ஆனா அதே சமயத்துல ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ ரெண்டாம் பதிப்பும் அவங்க செலவுலயே வந்து அது சரியா போகல, அந்த நட்டத்த எம்மாவோட லாபத்துலேருந்து கழிச்சுட்டாங்க, கடைசியில உயிரோட இருந்தப்போ எம்மாவுக்காக அவங்க கையில வந்தது 39 பவுண்டுக்கும் கொஞ்சம் கம்மி. 1817ல இறந்துட்டாங்க. எழுதுன கை ஒண்ணு, தரமும் ஒண்ணு, ஏற்பாடு மட்டும் மாற மாற கைக்கு வந்த காசு எப்படி ஏறி இறங்குதுன்னு பாருங்க. இதுல யாரும் யாரையும் ஏமாத்தல, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 110 பவுண்டு குடுத்தவர் புக்கு விக்குமான்னு தெரியாம முதல் போட்டவர், போகாம இருந்திருந்தா நட்டம் அவரோடது.

அதுக்கும் முன்னாடி நெலம இன்னும் மோசம். இங்கிலீஷ் கவிஞர் மில்டன் 1667ல ‘பாரடைஸ் லாஸ்ட்’ அச்சாக ஒப்பந்தம் போட்டப்போ முதல்ல 5 பவுண்டு, 1300 காப்பி வித்ததும் இன்னொரு 5 பவுண்டு, அடுத்தடுத்த பதிப்புக்கும் அதே மாதிரின்னு எழுதினாங்க, அவர் வாழ்நாள்ல கெடச்சது மொத்தம் 10 பவுண்டு, மிச்ச உரிமைய அவர் மனைவி 1680ல 8 பவுண்டுக்கு வித்தாங்க. அந்தக் காலத்துல சட்டம் எழுத்தாளர ஒரு ஆளாவே மதிக்கல. 1557லேருந்து லண்டன்ல அச்சுக்காரங்களும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்த ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்குத்தான் அச்சிடுற உரிமை, யார் பதிவு பண்ணினாங்களோ புக்கு அவங்களோடது. 1710ல வந்த ஆன் அரசி காலத்து சட்டம்தான் முதல் தடவையா உரிமை எழுதுனவருக்குன்னு சொல்லிச்சு, புது புக்குக்கு 14 வருஷம், அந்த முடிவுல எழுத்தாளர் உயிரோட இருந்தா இன்னொரு 14 வருஷம். நடைமுறையில அச்சாகணும்னா அந்த உரிமைய வியாபாரிகிட்ட வித்தாகணும்ங்கிற நெலம மாறல, ஆனாலும் விக்கிறதுக்கு தன்னோடதுன்னு சொல்லிக்க ஒண்ணு இருந்தது, அதுவே பெரிய மாற்றம். வாசகருக்கு இந்த சட்டத்தால கெடச்ச நன்மை 1774லதான் வந்து சேர்ந்தது. வருஷக்கணக்கு முடிஞ்சாலும் எங்க உரிமை நிரந்தரம்னு லண்டன் வியாபாரிகள் சாதிச்சுட்டே இருந்தாங்க, எடின்பரோல மலிவு பதிப்பு போட்ட டொனால்ட்சன் அத எதிர்த்து நின்னார், பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பு குடுத்தது, பழைய நூல்கள் எல்லாம் மலிவு விலையில சாதாரண ஆளுங்க கைக்கு வர ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

நட்டத்த வாசகரே ஏத்துக்கிட்ட காலமும் உண்டு. முன்பணம் வாங்கிட்டு எழுதுறது, 18ம் நூற்றாண்டுல இது நல்லா பரவியிருந்தது. அலெக்சாண்டர் போப் ஹோமரோட இலியட 1715லேருந்து 1720 வரைக்கும் 6 தொகுதியா மொழிபெயர்த்து வெளியிட்டது இந்த வழியிலதான், அதுல அவருக்கு சுமார் 5000 பவுண்டு கெடச்சு யார் தயவும் இல்லாம வாழ முடிஞ்சது. ஆனா முன்பணத்துல வாசகருக்கு உள்ள ஆபத்து என்னன்னா காசு குடுத்துட்டு காத்திருக்கணும். சாமுவேல் ஜான்சன் ஷேக்ஸ்பியர் நாடகங்கள பதிப்பிக்கிறேன்னு 1756ல முன்பணம் வாங்கினார், அடுத்த வருஷமே தர்றேன்னு சொன்னது 1765லதான் வெளிய வந்தது. இன்னிக்கு கிக்ஸ்டார்ட்டர் மாதிரி, பொதுமக்கள்கிட்ட முன்பணம் திரட்டுற தளங்கள்ல நடக்கறதும் அதேதான். 2022 மார்ச்ல அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் நாலு நாவலுக்கு நேரடியா வாசகர்கிட்ட கேட்டு 4 கோடி டாலருக்கு மேல திரட்டினார், 1,85,000 பேருக்கு மேல பணம் கட்டினாங்க. இதப் பாத்து இனிமே பதிப்பாளரே தேவையில்லன்னு நெறைய பேர் கொண்டாடினாங்க, எனக்கு அது பாதி உண்மையாத்தான் தெரியுது, ஏன்னா அவரோட முதல் நாவல் 2005ல ஒரு பதிப்பகம் வழியா வந்தது, யாருன்னே தெரியாத ஆளா இருந்தப்போ அவர் மேல முதல் போட்டது அவங்கதான், 17 வருஷம் கழிச்சு அந்த வாசகர் கூட்டம் நேரா அவர்கிட்ட வந்தது. அறிமுகமே இல்லாத ஒருத்தர் முதல் புக்குக்கு இப்டி கேட்டா சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் தவிர யார் கட்டுவாங்க?

நடுவுல இருக்கிறவங்க எழுத்தையே எப்படி மாத்துறாங்கங்கிறதுக்கு விக்டோரியா காலத்து வாடகை நூலகங்கள விட நல்ல உதாரணம் கெடைக்காது. இங்கிலாந்துல அப்போ புது நாவல் பெரும்பாலும் மூணு தொகுதியா வரும், விலை ஒன்றரை கினி, அதாவது முப்பத்தொண்ணரை ஷில்லிங், சாதாரண குடும்பம் கனவுல கூட வாங்க முடியாத விலை. அதனால சார்லஸ் எட்வர்ட் மூடி 1842ல ஆரம்பிச்ச நூலகத்துல வருஷத்துக்கு ஒரு கினி கட்டி ஒரு நேரத்துல ஒரு தொகுதின்னு வாடகைக்கு எடுத்துப் படிச்சாங்க. மூடிக்கு மூணு தொகுதிதான் லாபம், ஏன்னா ஒரே நாவல ஒரே நேரத்துல மூணு பேருக்கு சுத்தல்ல விடலாம், பதிப்பாளருக்கும் அது சௌகரியம், ஏன்னா மூடி நூத்துக்கணக்குல மொத்தமா வாங்கிட்டா போட்ட முதல் திரும்பிடும். நட்டமே இல்லாத ஏற்பாடு மாதிரி தெரியும், ஆனா அதுக்கான விலைய எழுதுறவங்க குடுத்தாங்க. ரெண்டு தொகுதியில முடிய வேண்டிய கதைய இழுத்து இழுத்து மூணாவது வரைக்கும் கொண்டு போகணும், தேவையில்லாத உபகதை, நீளமான வர்ணனை, ஒரே உரையாடல ரெண்டு தடவை. இதோட மூடிக்கு ஒழுக்கத்துல பிடிவாதம் வேற, குடும்பத்துல எல்லாரும் படிக்க முடியாததுன்னு அவருக்குத் தோணினா அந்த நாவல் அலமாரிக்கு வராது, அலமாரிக்கு வரலன்னா அந்த நாவல் செத்த மாதிரி. நாவலாசிரியர் ஜார்ஜ் மூர் இதனால அடிபட்டு 1885ல மூடிய எதிர்த்து ஒரு துண்டு நூலே எழுதினார். கடைசியில 1894ல மூடி நூலகமும் ஸ்மித்ங்கிற இன்னொரு வாடகை நூலகமும் ஒரு தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல குடுக்க மாட்டோம்னு சொன்னதும் மூணு தொகுதி நாவல் சில வருஷத்துல காணாமப் போச்சு. இவ்ளோ நாள் கலை வடிவம்னு நம்பிட்டிருந்தது ஒரு வாடகைக் கணக்கு மாறினதும் போயிடுச்சு.

இதே கத நம்ம கண்ணு முன்னாடி திரும்பவும் நடந்துச்சு, அதான் இதுல எனக்கு இவ்ளோ அக்கறை. அமேசான் 2014 ஜூலைல கிண்டில் அன்லிமிடெட்ங்கிற, மாச சந்தா கட்டி மின்புத்தகம் படிக்கிற திட்டத்த ஆரம்பிச்சப்போ மாசாமாசம் ஒரு தொகைய ஒதுக்கி, வாசகர் ஒரு புக்க எடுத்து அதுல 10 சதவீதம் தாண்டினா அந்த எழுத்தாளருக்கு ஒரு பங்குன்னு வச்சாங்க. 20 பக்க புக்குல 10 சதவீதம்னா ரெண்டு பக்கம், 600 பக்க நாவல்ல அதுவே 60 பக்கம், ஆனா பங்கு ரெண்டுக்கும் ஒண்ணு. அதனால ஒரு நாவல எட்டு பத்து துண்டா வெட்டி தனித்தனி புக்கா போடுறது பெருகிடுச்சு. 2015 ஜூலைலேருந்து படிச்ச பக்கத்துக்கு காசுன்னு மாத்தினாங்க, உடனே காத்து எதிர்ப்பக்கம் அடிக்க ஆரம்பிச்சு நீளமான புக்குகள் வந்துச்சு, சிலர் பழைய கதைகள எல்லாம் பின்னாடி ஒட்டி பக்கத்த ஏத்தி வாசகர கடைசிப் பக்கத்துக்கு தாவ வைக்கிற அளவுக்குப் போனாங்க, அமேசான் அதுக்கு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாச்சு. ஒதுக்குன தொகைய எல்லாரும் பங்கு போட்டுக்கிற ஏற்பாடுங்கிறதால அப்டி ஒருத்தர் திருட்டுத்தனமா ஏத்துற ஒவ்வொரு பக்கமும் நேர்மையா எழுதுற இன்னொருத்தரோட பங்குலேருந்துதான் போகுது, அத எழுதுறவங்களே பல பேர் உணரல.

தொடர்கதை இதுலேருந்து கொஞ்சம் வேற மாதிரி, அதுல வாசகருக்கு நேரடி பிடி இருக்கு. 1836ல டிக்கன்ஸ் ‘பிக்விக்’ கதைய மாசத்துக்கு ஒரு பகுதின்னு ஒரு ஷில்லிங்குக்கு விட ஆரம்பிச்சப்போ முதல்ல சில நூறு காப்பிதான் போச்சு, சாம் வெல்லர்ங்கிற பாத்திரம் உள்ள வந்ததும் விற்பனை ஏறி முடியறப்போ சுமார் 40,000 ஆச்சு. ஒன்றரை கினி மொத்தமா குடுக்க முடியாதவர் மாசம் ஒரு ஷில்லிங் குடுக்க முடிஞ்சது, பதிப்பாளருக்கும் ஒவ்வொரு மாசமும் விற்பனையப் பாத்து அடுத்த மாசத்துக்கு எவ்ளோ அச்சடிக்கிறதுன்னு முடிவு பண்ண முடிஞ்சது, நட்டம் சின்னச் சின்னதா உடைஞ்சு மூணு பேர் மேலயும் பரவிடுச்சு. சீனால 2003ல சீதியன்ங்கிற தளம் அத்தியாயத்துக்கு இவ்ளோன்னு, அதுவும் ஆயிரம் எழுத்துக்கு இவ்ளோன்னு வாசகர்கிட்ட வாங்க ஆரம்பிச்சு ஒரு பெரிய தொழிலாவே வளந்ததும் இதே தர்க்கம்தான், அதோட விளைவும் எதிர்பார்த்ததுதான், தினமும் அத்தியாயம் போட்டாகணும், ஒரு நாள் நின்னா வாசகர் வேற கதைக்கு போயிடுவார், ஆயிரக்கணக்கான அத்தியாயத்துக்கு ஒரே கதை ஓடும். எழுதுறவங்க உடம்பு தாங்குமான்னு யாரும் கேக்கறதில்ல. வாசகர் பிடி எவ்ளோ கெட்டியா இருக்கும்னு கோனன் டாயில்கிட்டதான் கேக்கணும், 1893ல ஷெர்லக் ஹோம்ஸ சாகடிச்சுட்டு நிம்மதியா வேற எழுதலாம்னு பாத்தார், வாசகர் கோபமும் பத்திரிகைகள் காட்டுன பணமும் சேர்ந்து 1903ல ஹோம்ஸ உயிரோட திரும்ப வரவழைக்க வச்சுடுச்சு.

இப்ப நாம பழகிப்போன ராயல்டி முறைக்கு, அதாவது விக்கிற ஒவ்வொரு காப்பிக்கும் எழுத்தாளருக்கு ஒரு சதவீதம்ங்கிற முறைக்கு வருவோம். 19ம் நூற்றாண்டுல லாபத்துல பாதிப் பாதின்னு ஒரு முறை பரவலா இருந்தது, கேக்கறதுக்கு நியாயமா இருக்கும், ஆனா லாபம் எவ்ளோன்னு சொல்றவர் பதிப்பாளர், அச்சு செலவு விளம்பர செலவுன்னு கணக்குல ஏத்த ஏத்த லாபம் சுருங்கும், சுருங்கி சுருங்கி எழுத்தாளருக்கு பாதியா ஒண்ணுமே இருக்காது. 1884ல வால்டர் பெசன்ட் முன்னின்னு சொசைட்டி ஆஃப் ஆதர்ஸ்ங்கிற எழுத்தாளர் சங்கத்த ஆரம்பிச்சதும் இந்தக் கணக்குகள வெளிய கொண்டு வந்து அச்சுக்கு உண்மையில என்ன செலவாகும்னு பட்டியலே போட்டாங்க. ராயல்டியோட பலம் அதுதான், விலையில இத்தன சதவீதம்னு எழுதிட்டா செலவுக் கணக்க நம்ப வேண்டியதில்ல, எத்தன காப்பி வித்ததுங்கிறது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். அட்வான்ஸ்ங்கிறது அந்த ராயல்டியிலேருந்து முன்னாடியே தர்ற தொகை, புக்கு அந்த அளவுக்கு விக்கலன்னாலும் பொதுவா திருப்பித் தர வேண்டியதில்ல, அதனால அட்வான்ஸ் எவ்ளோ பெருசோ அவ்ளோ தூரம் நட்டத்த பதிப்பாளர் தன் தோள்ல ஏத்திக்கிறார்னு அர்த்தம். 2022 அக்டோபர்ல அமெரிக்க நீதிமன்றம் பெங்குவின் ரேண்டம் ஹவுஸ்ங்கிற பெரிய பதிப்பகம் சைமன் அண்ட் ஷூஸ்டர்ங்கிற இன்னொரு பெரிய பதிப்பகத்த வாங்குறத தடுத்துச்சு, அதுல கவனிக்க வேண்டியது, வழக்கு வாசகர் குடுக்கிற விலைய பத்தி இல்ல, ரெண்டரை லட்சம் டாலருக்கு மேல அட்வான்ஸ் வாங்குற எழுத்தாளர்களுக்காக போட்டி போட ஆள் குறைஞ்சா அவங்களுக்கு கெடைக்கிற தொகை குறையும்ங்கிறதுதான் வாதம். அந்த வரம்புக்கு பல மடங்கு கீழ வாங்குறவங்கதான் எழுத்தாளர்கள்ல பெரும்பாலானவங்க, அவங்களுக்கு யார் வாதாடுவாங்கன்னு எனக்கு அப்போ தோணுச்சு.

வாசகர் குடுக்கிற விலை எப்படி உடையுதுன்னு தோராயமா சொல்லணும்னா கடையும் விநியோகமும் சேர்ந்து பாதிக்கு பக்கத்துல எடுத்துக்கும், அச்சு, எடிட்டிங், அட்டை, விளம்பரம், அலுவலகச் செலவு போக பதிப்பாளருக்கு மிஞ்சுறது பல புக்குல சொற்பம், எழுத்தாளருக்கு மெல்லிய அட்டைப் பதிப்புன்னா 7, 8 சதவீதத்துலேருந்து கெட்டி அட்டைன்னா 10, 15 வரைக்கும் போகும், எழுத்தாளர் சார்பா பதிப்பாளர்கிட்ட பேசுற ஏஜென்ட் இருந்தா அதுலேருந்து அவருக்கு 15 சதவீதம். ஆனா இந்த சதவீதங்கள விட வெளிய தெரியாத ஒரு விஷயம் முக்கியம்னு நெனைக்கிறேன், அது ரிட்டர்ன். 1930கள்ல பொருளாதார மந்தத்துல அமெரிக்க கடைகள் புது புக்கு எடுக்கவே பயந்தப்போ, விக்காதத திருப்பி அனுப்புங்க முழு காசும் தர்றோம்னு பதிப்பாளர்கள் சொன்னாங்க, மந்தம் போயிடுச்சு, ரிட்டர்ன் மட்டும் போகல. இதனால கடைக்குப் போன காப்பி எல்லாம் வித்த காப்பின்னு எழுதிக்க முடியாது, ஆறு மாசம் கழிச்சு கட்டுக்கட்டா திரும்பி வரலாம். அதுக்காக பதிப்பாளர் ராயல்டியில ஒரு பங்க பிடிச்சு வச்சுக்கிறார், கணக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும், பிடிச்சு வச்சது அடுத்த கணக்குலயோ அதுக்கடுத்ததுலயோ வரும், எழுத்தாளருக்கு காசு ஏன் இவ்ளோ தாமதமா வருதுங்கிறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்காரரும் நட்டம் தன் மேல இல்லங்கிறதால பொறுமையா வச்சு விக்கிறதில்ல, கொஞ்ச வாரத்துல நகரலன்னா பெட்டியில கட்டி அனுப்பிட்டு அடுத்தத வைப்பார். பிடிச்ச எழுத்தாளரோட புக்க அப்புறம் வாங்கிக்கலாம்னு ஒரு வருஷம் தள்ளிப் போடுற வாசகருக்கு இது தெரியணும், அவர் வர்றப்போ அலமாரியில புக்கு இருக்காது, அந்த முதல் சில வார விற்பனைய வச்சு அடுத்த புக்குக்கு எவ்ளோ அட்வான்ஸ்னு முடிவும் ஆயிருக்கும்.

வாங்குன புக்க நண்பருக்கு குடுக்கிறது, பழைய புக்கு கடையில போடுறது, இதுலயெல்லாம் எழுத்தாளருக்கு பங்கு இல்ல. 1908ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல இது முடிவாச்சு, ஒரு பதிப்பகம் தன் நாவல்ல ஒரு டாலருக்கு கம்மியா விக்கக் கூடாதுன்னு அச்சடிச்சே வச்சிருந்தது, மேசிஸ் கடை 89 சென்ட்டுக்கு வித்தது, ஒரு தடவை வித்த காப்பி மேல உங்களுக்கு பிடி இல்லன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. வாசகரோட சொத்துங்கிற வகையில இது நல்ல தீர்ப்பு. நூலகத்துக்கு வேற வழி கண்டுபிடிச்சாங்க, டென்மார்க் 1946லயே நூலகத்துல இருக்கிற புக்குக்காக எழுத்தாளருக்கு அரசாங்கம் காசு தர ஆரம்பிச்சது, பிரிட்டன் 1979ல சட்டம் போட்டது, அங்க ஒவ்வொரு தடவை இரவல் போறதுக்கும் சில பென்ஸ், ஆனா ஒருத்தருக்கு வருஷத்துக்கு 6600 பவுண்டுக்கு மேல கெடையாது, அதனால நட்சத்திர எழுத்தாளர்களே மொத்தத்தையும் அள்ளிட்டுப் போக முடியாது. இவ்ளோ நாள்ல நடுவுல வந்த ஏற்பாடுகள்லயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வாசகர் இலவசமா படிக்கிறார், எழுத்தாளருக்கு காசு வருது, யாரும் கதைய இழுக்க வேண்டியதில்ல.

மின்புத்தகத்துல இந்த பழைய நியாயம் எல்லாம் கழண்டு போச்சு. நீங்க பட்டன அமுக்கி வாங்குறது புக்கு இல்ல, படிக்கிற அனுமதி. 2009 ஜூலைல உரிமை இல்லாத ஒருத்தர் ஏத்தின ஆர்வெல் நாவல்கள அமேசான் வாசகர்களோட கிண்டில்லேருந்தே அழிச்சுது, காசத் திருப்பிக் குடுத்தாங்க, அப்புறம் மன்னிப்பும் கேட்டாங்க, ஆனா அழிக்க முடியும்னு எல்லாருக்கும் அன்னிக்குத்தான் உறைச்சுது. நூலகங்களுக்கும் அதே கதைதான், காகித புக்க வாங்கிட்டா கிழியற வரைக்கும் குடுக்கலாம், மின்புத்தகத்துக்கு அப்பப்போ லைசென்ஸ் புதுப்பிக்கணும். 2019ல மேக்மில்லன் பதிப்பகம் புது புக்கு வந்து முதல் எட்டு வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு காப்பிதான்னு விதி போட்டது, நூலகங்கள் புறக்கணிக்க ஆரம்பிச்சு 2020 மார்ச்ல அத விலக்கிக்கிட்டாங்க.

எழுத்தாளரே புக்கு போட்டுக்கிறதுக்கு பெரிய பாரம்பரியம் இருக்கு, அமெரிக்க கவிஞர் விட்மன் 1855ல ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ’ தானே செலவு பண்ணி 795 காப்பி போட்டார், பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்டோட பெரிய நாவலோட முதல் பாகத்த ஒரு பதிப்பகத்துல நிராகரிச்சதும் 1913ல அவர் கைக்காசுல வேற இடத்துல வந்தது, நிராகரிச்ச ஆந்த்ரே ஜீத் பின்னாடி வருத்தப்பட்டு அவருக்கே கடிதம் எழுதினார். இப்போ தேவைக்கு அச்சடிக்கிற வசதியும் மின்புத்தகமும் வந்ததால கட்டுக்கட்டா அடிச்சு வீட்ல அடுக்குற பயம் இல்ல, அமேசான்ல ஒரு விலை வரம்புக்குள்ள வச்சா மின்புத்தகத்துக்கு 70 சதவீதம் வரைக்கும் எழுத்தாளருக்கே. பாக்க ரொம்ப நியாயமாத் தெரியும், ஆனா எடிட்டிங், அட்டை, விளம்பரம் எல்லாம் அவர் செலவு, அந்த விளம்பரத்தையும் பெரும்பாலும் அதே கடைகிட்டதான் வாங்கணும், கமிஷன் கால ஆஸ்டின் நின்ன இடத்துக்கே கிட்டத்தட்ட திரும்பி வந்துட்டோம். இதுல நான் கையக் கூப்பி கேட்டுக்கிறது ஒண்ணு, எழுத்தாளர்கிட்டயே காசு வாங்கிட்டு புக்கு போடுறோம்னு வர்ற இடங்கள்ல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. அச்சு வேலைக்கு, எடிட்டிங்குக்கு இவ்ளோன்னு நேர்மையா கூலி வாங்குறவங்க வேற, உங்க எழுத்து அபாரம்னு புகழ்ந்து பெரிய தொகை வாங்கிட்டு அதுக்கு மேல உரிமையையும் எழுதி வாங்குறவங்க வேற. ரெண்டாவது வகைக்கு வாசகரே தேவையில்ல, எழுத்தாளர் பணம் கட்டின நிமிஷமே அவங்க லாபம் முடிஞ்சுடுச்சு, அதுக்கப்புறம் ஒரு காப்பி விக்கவும் அவங்களுக்கு அவசியம் இல்ல.

கான்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறவங்க பெரும்பாலும் ராயல்டி சதவீதத்த பாக்கறாங்க, உரிமை எப்ப திரும்ப வரும்ங்கிற பகுதிய படிக்கறதில்ல. பழைய நாள்ல புக்கு அச்சுல இல்லன்னு ஆயிட்டா உரிமைய திருப்பிக் கேக்கலாம்னு இருக்கும், அது இயல்பா வேலை செஞ்சது, ஏன்னா விக்காத புக்க குடோன்ல வச்சிருக்கிறது பதிப்பாளருக்கு செலவு. இப்போ கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் இருந்தா போதும், யாராவது கேட்டா ஒரு காப்பி அடிச்சுத் தரலாம், அதனால புக்கு என்னிக்குமே அச்சுல இல்லாம போகாது, பதிப்பாளருக்கு நட்டம் ஏதும் இல்லாமலே உரிமை மட்டும் அவர்கிட்ட மாட்டிட்டு நிக்கும். 2007ல சைமன் அண்ட் ஷூஸ்டர் இந்த மாதிரி தன்னோட கான்ட்ராக்ட்ட மாத்தப் பாத்தப்போ அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் கடுமையா எதிர்த்து பின்வாங்க வச்சுது. அதனால ஒரு வருஷத்துல இத்தன காப்பிக்கு கீழ விற்பனை போனா உரிமை திரும்பணும்னு எண்ணிக்கையோட எழுதி வாங்குறதுதான் இப்போ எழுத்தாளர் சங்கங்கள் எல்லாம் சொல்றது. அமெரிக்க சட்டத்துல 1978லேருந்து எழுத்தாளர் குடுத்த உரிமைய பொதுவா 35 வருஷம் கழிச்சு ரத்து பண்ண வழி இருக்கு, ஆனா அதுவும் தானா நடக்காது, குறிப்பிட்ட தேதிக்கு ரெண்டு வருஷத்துலேருந்து பத்து வருஷம் முன்னாடிக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணும், அந்த நாள் தாண்டிட்டா உரிமை அங்கயே தங்கிடும்.